அவோப், நொசோப்: கலஹாரியின் வறண்ட ஆறுகளில் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் சேர்ந்து நடத்தும் கலஹாரிப் பாலைவனத்துக் கலகாடி பூங்காவுக்குள் ஓடும் அவோப், நொசோப் என்ற இரண்டு ஆற்றுப்படுகைகளைப் பற்றிய பக்கம் இது. தென்னாப்பிரிக்கப் பகுதி 1931-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது. இரு நாட்டுப் பகுதிகளும் ஒரே பூங்காவாக இணைந்து திறக்கப்பட்டது 2000-ல். இங்கே சொல்லியிருப்பவை தென்னாப்பிரிக்கப் பக்கம் ட்வீ ரிவீரன், மாட்டா மாட்டா, நொசோப் ஆகிய மூன்று பெரிய முகாம்களில் தங்கி, சொந்தமாக வண்டி ஓட்டிப் படம் எடுப்பவர்களுக்கானவை.

ஆறு என்கிறீர்கள், தண்ணீரைக் காணோமே?

பெரும்பாலான ஆண்டுகளில் இருக்காதுதான். இரண்டு ஆறுகளும் நமீபியாவில் பிறக்கின்றன. அங்கே பெய்யும் மழை கலஹாரிக்குள் வந்து சேர்வதற்குள் மணல் குடித்துவிடும். அபூர்வமாகப் பெருமழை பெய்த ஆண்டில் மட்டும் படுகையில் நீர் ஓடும்.

ஆனாலும் உயிர்கள் இந்தப் படுகையை விட்டு விலகுவதில்லை. இருபுறமும் சிவப்பு மணல்மேடுகள், நடுவே வெளிறிய வண்டல் மண். புல்லும் கேமல்தார்ன் வேலமரங்களும் இங்கேதான் செழிப்பு. பூங்கா பராமரிக்கும் நீர்க்குட்டைகளும் படுகையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. அவோப் ஓரத்துக் கிணறுகளில் பல, முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்காகத் தோண்டப்பட்டவை. 'பதின்மூன்றாம் ஆழ்துளைக் கிணறு' போன்ற எண் பெயர்களை இன்றும் பலகைகளில் பார்க்கலாம்.

படம் எடுப்பவருக்கு இதனால் ஒரு பெரிய வசதி. பல்லாயிரம் சதுர கி.மீ. பாலைவனத்தைத் தேடி அலைய வேண்டாம், சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு கீற்றைக் கவனித்தால் போதும். அந்தக் கீற்றின் வழியேதான் சாலையும் போகிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

என்ன படம் வேண்டும் என்பதைப் பொறுத்தது.

ஜூன், ஜூலை: வானம் தெளிவு, இரவில் உறைபனி, காலை ஒளி மென்மை. இங்கே குளிர்கால நடுப்பகலில்கூடச் சூரியன் ஏறத்தாழ 40 பாகைக்கு மேல் ஏறாது. அதனால் 10 மணிக்கும் விலங்கின் முகத்தில் ஒளி விழும். டிசம்பரில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும். கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் பதிவாகும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: வறட்சியின் கடைசிக் கட்டம். நீர்க்குட்டைகளில் காத்திருப்பவர்களுக்கு இதுவே சிறந்த பருவம். தூசியும் காற்றும் அதிகம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: மழை பெய்திருந்தால் படுகை பச்சையாகிவிடும், ஸ்பிரிங்பொக் மான்கள் மந்தையாக இறங்கும், அவற்றைத் தேடிச் சிவிங்கிப்புலிகள் வரும். பிற்பகல்களில் இடிமேகம் கட்டும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நிலக்காட்சிக்காக வருபவருக்கு எங்கள் பரிந்துரை இந்தப் பருவம்தான். சிவப்பு மணல், பச்சைப் புல், கருநீல மேகம் மூன்றும் ஒரே சட்டகத்தில் அமைவது வேறெப்போதும் நடக்காது.

அவோப் சாலையா, நொசோப் சாலையா?

அவோப் படுகை குறுகலானது, விலங்கு வண்டிக்கு அருகில் வரும். ஒட்டகச்சிவிங்கி, மரத்தில் படுத்திருக்கும் சிறுத்தை, சுண்ணாம்புப் பாறை விளிம்பில் நின்று நோட்டமிடும் சிவிங்கிப்புலி ஆகியவற்றுக்கு இந்தப் பக்கம். நொசோப் அகலமானது. பருந்து, வல்லூறு வகைகளுக்கும் கறுப்புப் பிடரிச் சிங்கங்களுக்கும் பெயர் பெற்றது. நாட்கள் குறைவென்றால் இரண்டையும் தொட்டுப் பார்க்க ஆசைப்படாமல் ஒன்றிலேயே தங்கிவிடுங்கள். ட்வீ ரிவீரனிலிருந்து மாட்டா மாட்டா ஏறக்குறைய 120 கி.மீ., நொசோப் முகாம் ஏறக்குறைய 160 கி.மீ. வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ. முகாம் மாற்றும் நாளில் நல்ல ஒளி முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விடும்.

திசையை யோசித்துத் திட்டமிடுபவர்கள் குறைவு, பலன் மிகப் பெரிது. தென்னாப்பிரிக்காவில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நொசோப் படுகை ஏறத்தாழ வடக்கு தெற்காகக் கிடக்கிறது. காலையில் தெற்கு நோக்கி ஓட்டினால் உங்கள் ஜன்னல் மேற்கைப் பார்க்கும், கிழக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் வடக்கு நோக்கி ஓட்டினால் ஜன்னல் கிழக்கைப் பார்க்கும், மறுபடியும் சூரியன் பின்னால். இதை மாற்றிச் செய்தால் நாள் முழுக்க எதிரொளிதான். தூசியும் பிடரி விளிம்பும் பொன்னாக மின்னும் எதிரொளிப் படம் வேண்டுமென்றால் வேண்டுமென்றே மாற்றி ஓட்டலாம்.

அவோப் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. மாட்டா மாட்டாவில் இரவு தங்கி, காலையில் ட்வீ ரிவீரன் பக்கமாக இறங்கி வருவது வலப்பக்க ஜன்னலுக்குத் தோதான பயணம்.

எந்த லென்ஸ்?

100-400 அல்லது 150-600 மி.மீ. ஜூம் ஒன்று இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். நீர்க்குட்டைகளில் வண்டி நிற்கும் இடம் நிலையானது, முன்னும் பின்னும் நகர்ந்து சட்டகத்தைச் சரிசெய்ய முடியாது. அதனால் ஒரே நீளமுள்ள பிரைம் லென்ஸைவிட ஜூம் கைகொடுக்கும். இன்னொரு கேமராவில் 24-105 அல்லது 70-200 மாட்டியே வைத்திருங்கள். சிங்கம் சாலையில் நடந்துவந்து பம்பரை உரசிப் போகும் நேரத்தில் 600 மி.மீ. வைத்திருப்பவருக்கு மூக்கு மட்டும்தான் கிடைக்கும்.

கிட்டத்தில் ஃபோகஸ் ஆழத்தையும் கணக்கில் வையுங்கள். முழுச் சட்டக சென்சாரில் 500 மி.மீ., அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/5.6, விலங்கு 10 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ.தான். நீண்ட கொம்புள்ள ஜெம்ஸ்பொக் மானின் கண்ணும் கொம்பு நுனியும் அதற்குள் அடங்காது. எஃப்/8-க்குப் போனால் 19 செ.மீ. கிடைக்கும். முகம் முழுவதும் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப்/11 வரை போகத் தயங்க வேண்டாம், இங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

வண்டியிலிருந்து இறங்க முடியாதாமே, டிரைபாடை என்ன செய்வது?

முகாம்களிலும் குறிக்கப்பட்ட இளைப்பாறும் இடங்களிலும் தவிர இறங்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டுவதும் கூடாது. பகலில் டிரைபாடுக்கு வேலையில்லை, லென்ஸைத் தாங்கும் தானியப் பையான பீன் பேக்தான் எல்லாம். காலிப் பையாகக் கொண்டுவந்து, கடைசி ஊரில் 2 முதல் 3 கிலோ அரிசியோ உலர்ந்த பயறோ வாங்கி நிரப்புங்கள். முழுதாகத் திணிக்காமல் நாலில் மூன்று பங்கு நிரப்பினால்தான் ஜன்னல் விளிம்பில் கவ்வி உட்காரும், லென்ஸும் அதில் பதியும். தெர்மோகோல் மணி நிரப்பிய பை கனமில்லாமல் வழுக்கும், வேண்டாம்.

கண்ணாடியை முழுவதும் இறக்காமல் கால்வாசி மேலே விட்டு, அதன்மீது பையைப் போட்டால் உயரம் கண்ணுக்கு நேராக வரும். எஞ்சினை அணைத்த பிறகே படம். ஓடும் எஞ்சினின் அதிர்வு 1/1000-க்குக் கீழே எல்லாப் படத்திலும் தெரியும். பின்சீட்டில் இருப்பவர் கால் மாற்றி உட்கார்ந்தாலே சட்டகம் ஆடும் என்பதால், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் அசையாமல் இருக்கப் பழக வேண்டும்.

ஃபோகஸ் சரியாகவே விழுந்திருக்கிறது. ஆனாலும் படம் கலங்கலாக இருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதி இதுவே. லென்ஸில் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காரணம் கானல்.

வெயில் பட்ட மணல் தனக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும், அவை கலந்து கொதிக்கும்போது விலங்கின் விளிம்பும் சேர்ந்து நெளியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிவைக்கூட 600 மி.மீ. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் இதைச் சரிசெய்யாது. லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் நிலைமையை மோசமாக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் கலங்கல் போய்க் கோணல் வரும், கூர்மை வராது.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையின் நேரடிக் காட்சியில், கொம்பு நுனியையோ காது விளிம்பையோ பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடினால் அந்தத் தூரத்துக்கு அன்றைய வேலை முடிந்தது. குளிர்காலத்தில் பெரும்பாலும் 10 மணியளவில், கோடையில் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு 15 மீட்டருக்குள் வரும் உயிர்களை மட்டும் எடுங்கள். 80 மீட்டரில் நிற்கும் சிங்கத்துக்காக நூறு படம் சுட்டுவிட்டு இரவில் எல்லாவற்றையும் அழிப்பதில் பயனில்லை. மேகம் சூரியனை மறைத்தால் சில நிமிடங்களில் காற்று அடங்கும். அந்த இடைவெளிக்குத் தயாராக இருங்கள்.

இதே கோளாறு அதிகாலையில், மணல் குளிர்ந்திருக்கும்போதும் வரும். அப்போது குற்றவாளி உங்கள் வண்டி. வெளியே மைனஸ் 4 டிகிரி, உள்ளே ஹீட்டர் போட்டு 20 டிகிரி. ஜன்னலை இறக்கியதும் உள்ளிருக்கும் வெப்பக்காற்று லென்ஸுக்கு முன்னால்தான் வெளியேறுகிறது. முதல் ஒளியில் கிடைத்த சிவிங்கிப்புலி கலங்கிப்போவது இதனால்தான். வாயில் திறந்ததிலிருந்தே ஹீட்டரை அணைத்து இருபக்க ஜன்னலையும் திறந்து வைத்து ஓட்டுங்கள். குளிர் அடிக்கும்தான், கையுறையும் கம்பளியும் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸையும் இரவில் சூடான அறையில் வைக்காமல் பையோடு வண்டியிலேயே பூட்டி வைத்தால் காலையில் காற்றும் லென்ஸும் ஒரே வெப்பத்தில் இருக்கும். பேட்டரிகளை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள், குளிரில் அவை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு. பானெட்டுக்கு மேலாகக் குறிவைக்காதீர்கள், எஞ்சின் சூடு அரைமணி நேரம் எழும்பிக்கொண்டிருக்கும். வெயிலில் காய்ந்த நீளமான லென்ஸ் ஹூடுக்குள்ளும் சூடான காற்று தங்கும். சந்தேகம் வந்தால் ஹூடைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கானலையே படமாக்கவும் செய்யலாம். தூரத்து ஜெம்ஸ்பொக் வரிசை கால்கள் கரைந்து, ஏரிமேல் மிதப்பதுபோல் தெரியும். அதற்கு விலங்கு சட்டகத்தில் சிறியதாக இருக்க வேண்டும், கொம்புகளின் வடிவம் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

நீர்க்குட்டையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு மணி நேரம். பத்து நிமிடம் நின்று 'ஒன்றும் இல்லை' என்று கிளம்பும் வண்டிகள்தான் இங்கே அதிகம். அவை கிளம்பிய பிறகுதான் தயங்கி நின்ற விலங்கு இறங்கி வரும்.

நொசோப் முகாமுக்குச் சில கி.மீ. வடக்கே இருக்கும் குபிட்ஜே குவாப் நீர்க்குட்டையை எடுத்துக்கொள்வோம். காலையில் முதலில் புறாக்கள் வரும். மரத்தில் கூடி, இறங்கலாமா வேண்டாமா என்று பலமுறை எழும்பி அமரும். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நமாக்வா கல்கவுதாரிகள் கூவிக்கொண்டே வட்டமிட்டு இறங்கும். சில நொடிகள் குடிக்கும், பறந்துவிடும். குஞ்சு இருக்கும் ஆண் பறவை மட்டும் அவசரப்படாது. வயிறு நீரில் படும்படி அமுங்கி உட்கார்ந்து, இறகை விரித்து அசைத்து நனைத்துக்கொள்ளும். அதன் வயிற்று இறகுகள் நீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் அமைப்புள்ளவை. தொலைவில் இருக்கும் குஞ்சுகள் அந்த இறகை உருவிக் குடிக்கும். மற்றவை கிளம்பிய பிறகும் ஒரு பறவை நீரில் அமர்ந்திருந்தால் லென்ஸை அதன்மேல் வைத்து அசையாமல் காத்திருங்கள்.

லேனர் வல்லூறுகள் இந்தக் கூட்டத்துக்காகவே அங்கு வருகின்றன. குள்ளநரியும் ஓரமாகப் படுத்திருந்து பாயும். வல்லூறை வானத்தில் தேடிப் பிடிக்க முயலாதீர்கள். அதன் வேகத்துக்கு 600 மி.மீ. லென்ஸைத் திருப்பவே முடியாது. 300 முதல் 400 மி.மீ.க்கு இறங்கி, நீர் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, அகலமான ஃபோகஸ் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, புறாக்களைக் கவனியுங்கள். கூட்டம் ஒரே வீச்சில் வெடித்து எழும் கணத்தில் அழுத்திவிடுங்கள். அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் பதிவுசெய்யும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை முடுக்கி வைக்க வேண்டிய இடம் இதுதான். ஷட்டர் 1/3200 அல்லது அதற்கு மேல், அப்பர்ச்சர் எஃப்/6.3 முதல் எஃப்/8. மெதுவாக வாசிக்கும் சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் இறக்கைகள் வாழைப்பழம்போல் வளையும், மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதைச் சூரியனோடு காற்றும் தீர்மானிக்கும். பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும், எதிர்த்தே எழும்பும். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசினால் அவை உங்களை நோக்கிப் பறக்கும். எதிர்த்திசையில் வீசினால் வால்தான் கிடைக்கும். எஞ்சினை அணைப்பதற்கு முன் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சிங்கம், சிவிங்கிப்புலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் சாலையைப் படியுங்கள். முகாம் வாயில்கள் இரவில் மூடப்படுவதால், வண்டித் தடத்தின்மேல் பதிந்த கால்தடம் எல்லாமே இரவில் விழுந்தவை. அதனால் முதல் வண்டியாக வெளியே போவதற்கு மதிப்பு அதிகம், நாலாவது வண்டிக்குத் தடம் அழிந்துபோயிருக்கும். சிங்கத்தின் தடம் உள்ளங்கை அளவு, நகம் பதியாது. சிவிங்கிப்புலிக்கு நகம் பதியும், தடமும் சிறியது. மென்மணலில் நடக்க எளிது என்பதால் சிங்கங்கள் சாலையிலேயே பல கி.மீ. போகும். தடம் எங்கே சாலையை விட்டு விலகுகிறது என்று பார்த்து, அதற்கடுத்த நிழல் மரத்தடியைத் தேடுங்கள்.

அடுத்தது மான்களின் பார்வை. மேய்ந்துகொண்டிருந்த ஸ்பிரிங்பொக்குகள் அனைத்தும் தலைதூக்கி ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. நீங்களும் பாருங்கள், அவசரப்பட்டு வண்டியை நகர்த்தாதீர்கள்.

ஹனி பேட்ஜர் என்ற சிறு ஊனுண்ணி மண்ணைத் தோண்டிக்கொண்டு போனால் பின்னாலேயே வெளிர்நிறப் பாடும் பருந்து, அது கிளப்பிவிடும் எலிக்காகத் தொடரும். இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிப்பது எளிதல்ல. 1/1600, எஃப்/8 வைத்து, பேட்ஜர் போகும் பாதைக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள்.

வெளிறிய மணலில் விலங்கு இருட்டாகவும், மாலையில் மணல்மேடு ஒரே சிவப்பாகவும் வருகிறதே?

இரண்டும் வெவ்வேறு கோளாறு. படுகை வெளிர்நிறம் என்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து எக்ஸ்போஷரைக் குறைக்கிறது. வெயிலில் +0.7 முதல் +1 ஸ்டாப் வரை கூட்டுங்கள். கறுப்புப் பிடரியும் ஜெம்ஸ்பொக்கின் கறுப்பு முகப்பட்டையும் அப்போதுதான் விவரத்தோடு வரும். மாறாக, இருண்ட புயல்மேகத்தின் முன்னால் வெயில் பட்ட மரம் நின்றால் 0.7 குறைக்க வேண்டும்.

மணல்மேட்டின் சிவப்பு, மணல்துகள் மேலுள்ள இரும்பு ஆக்சைடின் நிறம். கடைசி ஒளியில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான வெள்ளை ஹிஸ்டோகிராம் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். மூன்று வண்ண ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டாதபடி குறையுங்கள். சிவப்பு வழிந்த இடத்தில் மணல் வரிகள் மறைந்து பெயின்ட் அடித்த சுவராகிவிடும். ஆட்டோ வைட் பேலன்ஸும் வேண்டாம், அது சிவப்பை 'சரிசெய்ய' முயன்று சாம்பலாக்கும். 5200 கெல்வினில் நிறுத்திவிட்டு ரா வடிவத்தில் எடுங்கள்.

தூசியிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி?

லென்ஸ் மாற்றுவதைத் தவிர்ப்பதே முதல் வழி, அதற்குத்தான் இரண்டு கேமரா. ஓடும்போது மடியில் வைத்திருக்கும் கேமராமேல் பருத்தித் தலையணை உறையைப் போடுங்கள், ஒரு நொடியில் உருவி எடுக்கலாம். விடியற்காலைக் குளிர் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஜன்னல்களை மூடி, ஃபேனை வெளிக்காற்று நிலையில் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, கதவு இடுக்கு வழியே தூசி ஏறாது. எதிரே வண்டி வரும்போது மட்டும் ஒரு நிமிடம் உள்சுழற்சிக்கு மாற்றுங்கள்.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே எஃப்/16-ல் வெறும் வானத்தைக் கலங்கலாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் கைப்பம்பு பிளோவரால் ஊதுங்கள். டப்பாவில் வரும் அழுத்தக்காற்று சென்சார்மேல் திரவத்தைத் துப்பிவிடும். லென்ஸ் கண்ணாடியையும் ஊதி, பிரஷால் தட்டிய பிறகே துடையுங்கள். இந்த மணல் குவார்ட்ஸ், துணியோடு சேர்த்துத் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும்.

இறங்காமல் நிலக்காட்சி எடுப்பது எப்படி?

படுகைக்குள் இருந்துகொண்டு பார்த்தால் படுகையின் வளைவு தெரியாது. இரண்டு ஆறுகளையும் இணைக்கும் மணல்மேட்டுச் சாலைகள் உயரத்தில் ஏறி இறங்கும். அவை படுகையை நோக்கி இறங்கும் இடங்களில் ஜன்னலிலிருந்தே நல்ல கோணம் கிடைக்கும். வேலி இல்லாத சிறு முகாம்களில் உரிக்காரூஸ் அவோப் படுகையைப் பார்த்தபடி உயரத்தில் நிற்கிறது. கீலிக்ராங்கி மணல்மேட்டின் மேலேயே அமைந்தது. இந்த இரண்டிலும் மேடையில் டிரைபாட் வைத்து விடியலையும் அந்தியையும் நிதானமாக எடுக்கலாம். அறைகள் மிகக் குறைவு, பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அகல லென்ஸைவிட 70-200 இங்கே அதிகம் பயன்படும். தட்டையான நிலத்தில் 16 மி.மீ. போட்டால் நடுவில் ஒரு கோடும் இருபுறம் வெறுமையும்தான். 135 மி.மீ. அளவில், வெளிறிய படுகை, ஒற்றை வேலமரம், பின்னால் சிவப்பு மேடு மூன்றையும் அடுக்காக நெருக்கலாம். தூக்கணாங்குருவி இனம் ஒன்று வைக்கோல்போர் அளவுக்குக் கூட்டுக்கூடு கட்டிய மரம் கிடைத்தால் விடாதீர்கள். பிக்மி வல்லூறு அதே கூட்டில் குடியிருக்கும், கேப் நாகம் முட்டைக்காக ஏறும். நிலக்காட்சி எடுக்கப்போய் விலங்குப் படமும் கிடைக்கக்கூடிய இடம் அது.

இரவு வானம்?

இந்தப் பூங்கா தெற்கே 25, 26 பாகை அட்சத்தில் இருக்கிறது. பால்வெளியின் மையம் கிட்டத்தட்ட நேர் உச்சியைக் கடக்கும், ஜூன் நடுவில் அது நள்ளிரவையொட்டி நடக்கும். அமாவாசையையொட்டிய இரவாக இருக்கட்டும். 14 முதல் 20 மி.மீ., எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடியில் தொடங்குங்கள். மையம் உச்சியில் இருக்கும்போது நிலத்தையும் சேர்த்து எடுக்க முடியாது. மாலை 8 மணிக்கு அது கிழக்கே சாய்ந்திருக்கும்போது எடுங்கள்.

முகாம் வேலிக்குள் மட்டும்தான். மூடிய ஷூ அவசியம், தேள்கள் இரவில் நடமாடும். புற ஊதா டார்ச் அடித்தால் அவை பச்சையாக ஒளிரும், டிரைபாட் வைக்குமுன் தரையைப் பார்த்துக்கொள்ளலாம். நொசோப் முகாமின் மறைவிடம் விளக்கு போட்ட நீர்க்குட்டையைப் பார்த்திருக்கிறது. அங்கே ஃபிளாஷ் வேண்டாம். ஐஎஸ்ஓ 6400-ல், விலங்கு குடிக்கக் குனிந்து அசையாதிருக்கும் கணத்துக்குக் காத்திருந்தால் 1/60-லேயே படம் வரும்.

ட்ரோன்?

பூங்காவில் தடை.

விலங்குக்கு எவ்வளவு அருகில் போகலாம்?

சாலையை விட்டு இறங்கக் கூடாது என்பதால் தூரத்தைப் பெரும்பாலும் சாலையே முடிவு செய்துவிடும். ஆனால் சாலையில் நின்றபடியே தொல்லை தர முடியும். நீர்க்குட்டைக்கும் வரும் விலங்குக்கும் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள். வெகுதூரம் நடந்துவந்த விலங்கு குடிக்காமல் திரும்பினால் அந்த நாளின் உழைப்பு அதற்கு வீண். வேட்டைக்குப் பதுங்கும் சிவிங்கிப்புலியோடு இணையாக ஓட்டக் கூடாது. எஞ்சின் சத்தம் மானைக் கிளப்பிவிடும், அல்லது மானின் கவனத்தைத் திருப்பி வேட்டையைச் சாதகமாக்கிவிடும். இரண்டுமே தவறு. தலை தூக்குவது, மெல்லுவதை நிறுத்துவது, எழுந்து நிற்பது: இவற்றில் முதலாவது தெரிந்ததுமே நிற்க வேண்டும்.

வண்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

முக்கியச் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயமில்லை. அடிப்பாகம் உயரமான வண்டி போதும், ஜன்னலும் உயரமாக இருப்பதால் புல்லுக்கு மேலே பார்க்கலாம். சாலை பலகைபோல் வரிவரியாக மேடுபள்ளம் விழுந்திருக்கும். ட்வீ ரிவீரனில் டயர் காற்றை 24 முதல் 26 பிஎஸ்ஐ வரை குறைத்தால் குலுக்கலும் பஞ்சரும் குறையும், மணலிலும் பிடிப்பு கிடைக்கும். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மறுபடி ஏற்ற வேண்டும், 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வைத்திருங்கள். குலுக்கலில் லென்ஸ் மவுன்ட் திருகுகளும் டிரைபாட் காலின் திருகுகளும் தளரும். தினமும் இரவில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

எரிபொருள் மூன்று பெரிய முகாம்களிலும் கிடைக்கும். நொசோப்புக்கு வடக்கே போகிறவர்கள் கிளம்புமுன் நிரப்பிவிட வேண்டும். பகலில் சார்ஜ் செய்ய வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் இன்வெர்ட்டர் தேவை. சிறு முகாம்களில் சூரிய மின்சாரம்தான், லேப்டாப்பை அங்கே நம்ப வேண்டாம். மாட்டா மாட்டா வழியாக நமீபியாவுக்குப் போகும் திட்டமிருந்தால் பூங்காவுக்குள் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கியிருக்க வேண்டும் என்பது விதி. முன்பதிவு செய்யும்போதே இதைக் கணக்கில் வைத்து இரவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.